உடம்போடு ஒட்டிய வால்: மாட்டு ரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணியும் அதன் புரதங்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரமாக மேயும் மாடுகளை ஈ பிடுங்கி எடுக்கும். சமையலறையில் சுற்றும் ஈயைச் சொல்லவில்லை. பெரிய கண்ணும், தோலை அறுத்து ரத்தம் குடிக்கும் வாயும் கொண்ட மாட்டு ஈ. அது கடித்தால் வலி தாங்காமல் மாடு வாலைச் சுழற்றும், தோலைச் சிலிர்க்கும். பாதி குடித்த ஈ எழுந்துபோய்ப் பக்கத்து மாட்டின் மேல் உட்காரும். வாயில் ஒட்டியிருக்கும் முதல் மாட்டின் ரத்தம் இரண்டாவது மாட்டுக்குள் போய்விடும். சர்ரா நோய் பரவ இவ்வளவு போதும். புலிக்குளம் மாடுகளைப் போலக் கிடை போட்டு, கூட்டமாக ஓட்டி மேய்க்கும் மந்தைகளில் ஓர் ஈ ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக நாலு அடி பறந்தால் போதும். வேப்பிலை மூட்டம் போடும் வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை.

நோய் வந்த மாடு காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கும், இளைக்கும், பால் வற்றும், ரத்தம் குறையும். சில மாடுகள் வெளியே எதையுமே காட்டாமல் மாதக்கணக்கில் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். சில திடீரென்று கண் தெரியாததுபோல வட்டம் சுற்றும், சுவரில் தலையை முட்டும், வலிப்பு வந்து விழும். நாய்க்கும் குதிரைக்கும் வந்தால் இன்னும் மோசம். நாய்க்கு முகமும் காலும் வீங்கி, கண்ணில் வெள்ளை படரும். விஷக்கடி, வெறிநோய் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதில் நாள் போய்விடுவதும் உண்டு.

கால்நடை மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடுதகட்டைப் போட்டு, காய்வதற்குள் நுண்ணோக்கியில் பார்ப்பார். முதலில் கண்ணில் படுவது கிருமி இல்லை, கலவரம். சிவப்பணுக்கள் அமைதியாக மிதந்துகொண்டிருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் நாலைந்து அணுக்கள் தள்ளப்பட்டு விலகும், திரும்பக் கூடும், மறுபடி விலகும். அந்த இடத்தில் கண்ணை நிறுத்தினால் நடுவே ஒன்று நெளிவது தெரியும். நீளம் 20 முதல் 30 மைக்ரோமீட்டருக்குள். இருபக்கமும் கூர்மையான மெல்லிய உடம்பு. உடம்பின் ஒரு பக்கம் முழுக்க அலையடிக்கும் விளிம்பு. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். இதைப் பார்க்கும் மாணவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த அலையடிக்கும் விளிம்பைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இந்த உயிரியின் பெயர் டிரிப்பனோசோமா இவான்சி. 1880-ல் அன்றைய பஞ்சாபில் குதிரைகளும் ஒட்டகங்களும் சர்ராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார். பாலூட்டிகளுக்கு நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது இதுதான். ஆப்பிரிக்காவில் மனிதருக்குத் தூக்க நோய் தரும் டிரிப்பனோசோமா புரூசியின் மிக நெருங்கிய உறவு. இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு சொல்வது கஷ்டம். அதனால் ஆய்வுக்கூடங்களில் புரூசியை வைத்துக் கண்டறிந்த கட்டுமான ரகசியங்களில் பெரும்பாலானவை நம் ஊர் மாட்டின் ரத்தத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ளவும் உதவுகின்றன.

அலையடிக்கும் அந்த விளிம்பை உண்டாக்குவது கசையிழை, அதாவது சாட்டைபோல அடிக்கும் வால். ஒருசெல் உயிரிகள் பலவற்றுக்குக் கசையிழை உண்டு. பெரும்பாலானவற்றில் அது உடம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு தனியாக அடிக்கும். டிரிப்பனோசோமாவில் அப்படி இல்லை. உடம்பின் பின்முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. அதன் அடியிலிருந்து கசையிழை கிளம்பி, பைவாய் வழியாக வெளியே வந்து, முன்முனை வரைக்கும் உடம்போடு ஒட்டியே போகிறது. நுனியில் கொஞ்சம் மட்டும் விடுதலையாக இருக்கும். கசையிழை அடித்தால் உடம்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. நீச்சல் நடப்பது இந்த ஒட்டுதலால்தான். ஆனால் நீச்சல் அதன் வேலைகளில் ஒன்றுதான். செல்லின் வடிவம், அது இரண்டாகப் பிரியும் கோடு, எதிர்ப்பு சக்தியிடமிருந்து தப்பிக்கும் வழி எல்லாமே இந்த ஒட்டுதலோடு பின்னிக் கிடக்கின்றன. கசையிழையைத் துடுப்பு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த இழை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்போம். உள்ளே நடுவில் ஓடுவது ஆக்சோனீம் என்ற அச்சு. டியூபுலின் என்ற புரதம் அடுக்கி அடுக்கி உருவான நுண்குழல்கள், ஓரத்தில் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. நம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் சிலியாவிலும் விந்தணுவின் வாலிலும் இதே அமைப்புதான். ஜோடிக்கு ஜோடி டைனீன் என்ற மோட்டார் புரதங்கள் இழுத்துக்கொள்வதால் இழை வளைகிறது. டிரிப்பனோசோமாவில் இந்த அச்சுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடிமனான புரதக் கம்பி சேர்ந்து ஓடும். அதற்குப் பாராஃப்ளஜெல்லர் ராட் என்று பெயர். இது நம்மிடம் கிடையாது. 1998-ல் கீத் கல் குழுவினர் இந்தக் கம்பியின் ஒரு முக்கியப் புரதம் உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். அச்சு முழுசாக இருந்தும் செல்களால் நீந்த முடியவில்லை. வளர்ப்புக் குடுவையின் அடியில் போய்ப் படிந்தன.

கசையிழைக்குள் புரதம் தயாரிக்கும் வசதி கிடையாது. ரைபோசோம் எல்லாம் உடம்புக்குள்தான் இருக்கிறது. இழையோ வளர்வது நுனியில். அடியில் ஊன்றியிருக்கும் பேசல் பாடியிலிருந்து நுனி வரை 20 மைக்ரோமீட்டருக்குக் கட்டுமானப் பொருளைக் கொண்டுபோக வேண்டும். இதற்கான போக்குவரத்தை 1993-ல் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில் ஜோயல் ரோசன்பாமின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. ஐஎஃப்டி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஐஎஃப்டி புரதங்கள் இருபதுக்கும் மேல். அவை இரண்டு கூட்டங்களாகச் சேர்ந்து நீளமான கோவைகளாகி, டியூபுலின் போன்ற சரக்கைத் தாங்கிக்கொள்கின்றன. கைனசின் என்ற மோட்டார் அவற்றை நுனி நோக்கி இழுத்துப்போகும். டிரிப்பனோசோமாவில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 2 மைக்ரோமீட்டர். நுனியில் சரக்கை இறக்கியபின் வேறொரு டைனீன் மோட்டார் அவற்றை இன்னும் வேகமாக அடிக்குத் திருப்பிக் கொண்டுவரும். போகும் மோட்டார் இல்லாவிட்டால் இழை எழும்பாது. திரும்பும் மோட்டார் இல்லாவிட்டாலும் இழை குட்டையாகவே நின்றுவிடும். அதன் உள்ளே ஐஎஃப்டி புரதங்கள் போக வழியில்லாமல் குவிந்து வீங்கியிருக்கும்.

இதில் எனக்கு வியப்பான செய்தி வேறொன்று. பச்சைப் பாசியில் செல் பிரிவதற்கு முன் பழைய கசையிழைகள் உள்ளிழுக்கப்பட்டுவிடும். டிரிப்பனோசோமா அப்படிச் செய்வதில்லை. பழைய இழை அடித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் புது இழை வளரும். ஆக ஒரே செல்லுக்குள் ஒன்று முழு நீளத்தில் நிற்கிறது, மற்றொன்று நீண்டுகொண்டிருக்கிறது. இரண்டிலும் ஐஎஃப்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழையது ஏன் மேலும் நீளவில்லை? பிலிப் பாஸ்டின் குழுவினர் 2018-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இழை ஒரே சீராக வளர்கிறது, ஒரு கட்டத்தில் பூட்டப்படுகிறது, அதன்பின் நுனியில் புதுப் பொருள் சேர்வதில்லை. அந்தப் பூட்டில் பங்குள்ள புரதங்களில் ஒன்றும் அடையாளம் காணப்பட்டது: சிஇபி164சி. இது பழைய இழையின் அடியில் மட்டும் உட்கார்ந்திருக்கும், வளரும் இழையின் அடியில் இருக்காது. அதை எடுத்துவிட்டால் பழைய இழை அளவுக்கு மீறி நீள்கிறது, புது இழை குட்டையாகிறது. உள்ள சரக்கு இருவருக்கும் பங்காகிவிடுகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இழை எழும்பிவிட்டது. அது உடம்போடு ஒட்டுவது எப்படி?

கசையிழைக்கும் உடம்புக்கும் இரண்டு தனித்தனிச் சவ்வுகள். ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிடவில்லை. இரண்டும் நெருங்கி நிற்கும் கோடு நெடுக, மிகச் சிறிய இடைவெளிகளில் பிணைப்புகள் இருக்கின்றன. இந்த ஏற்பாடு முழுவதையும் ஃபாஸ் என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். நாம் ஒட்டுப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மூன்று அடுக்கு உண்டு. கசையிழைக்குள் அச்சிலிருந்தும் கம்பியிலிருந்தும் சவ்வு வரை வரும் இணைப்புகள் முதல் அடுக்கு. இரண்டு சவ்வுகளையும் துளைத்து, இடைவெளியில் கைகோக்கும் புரதங்கள் இரண்டாவது. உடம்புக்குள், சவ்வுக்கு அடியில் ஓடும் ஒரு புரத நாரும், அதன் பக்கத்திலேயே ஓடும் நாலு நுண்குழல்களும் மூன்றாவது. இந்த நாலு குழல்களும் செல்லுக்கு உறைபோட்டதுபோல் இருக்கும் மற்ற நுண்குழல்களோடு சேராமல், பேசல் பாடிக்குப் பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பி, பையைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. ஒட்டுப்பட்டையில் இடம்பெறும் புரதங்கள் 30-க்கும் மேல் என்று இப்போது தெரியும்.

கைகோக்கும் புரதங்களில் முதலில் கிடைத்த துப்பு தென் அமெரிக்காவில் சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசியிலிருந்து வந்தது. 1993-ல் ஜிபி72 என்ற மேற்பரப்புப் புரதத்தின் மரபணுவை நீக்கியபோது, கசையிழை உடம்பிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது. அந்தப் புரதத்தை அதற்கு முன்பு யாரும் ஒட்டும் பொருளாக நினைத்திருக்கவில்லை. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் புரதம் என்றுதான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். புரூசியில் அதற்கு இணையானது ஃப்ளா1. உடம்புச் சவ்வில் நிற்பது இது. கசையிழைச் சவ்விலிருந்து இதைப் பிடித்துக்கொள்ளும் கூட்டாளி ஃப்ளா1பிபி, 2013-ல் விவரிக்கப்பட்டது. ரத்தத்தில் வாழும் பருவத்தில் இந்த ஜோடியின் வேலையை இவற்றின் உறவுப் புரதங்களான ஃப்ளா2, ஃப்ளா3 ஆகியவையும் ஏற்றுக்கொள்கின்றன. இவற்றைக் குறைத்தால் இழை அடியில் மட்டும் பிடித்துக்கொண்டு, மீதி முழுக்கக் கழன்று காற்றில் கொடி ஆடுவதுபோல ஆடும். அடிப்பது நிற்காது. அடித்தும் செல் எங்கும் போகாது.

அந்த ஒட்டுப்பட்டை வளரும் திசைதான் இந்தக் கதையில் நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது. கசையிழை நுனியில் வளர்கிறது என்று பார்த்தோம். ஒட்டுப்பட்டை அதன் கூடவே நீள்கிறது, எனவே அதுவும் நுனியில்தான் வளரும் என்று யாரும் நினைப்பார்கள். 2015-ல் ஜாக் சன்டரும் கீத் கல்லும் சக ஆய்வாளர்களும் ஒட்டுப்பட்டைப் புரதங்களுக்கு ஒளிரும் அடையாளம் இட்டுப் பார்த்தார்கள். உடம்புக்குள் இருக்கும் நாரில் புதுப் புரதம் சேர்வது அடிமுனையில், பைக்குப் பக்கத்தில். முன்பு சேர்ந்தது முன்முனை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டே போகிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில் மல்லி தொடுக்கும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். விரல் இருக்கும் இடம் மாறாது; புதுப் பூ அங்கேதான் நாருக்குள் சேரும், கட்டி முடித்த சரம் நகர்ந்து நகர்ந்து மடியில் விழும். ஒட்டுப்பட்டை அந்தச் சரத்தைப் போல அடியிலிருந்து நீள்கிறது. அதனோடு பிணைந்த கசையிழையோ எதிர்முனையில் நீள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுவிடாமல் ஒரே வேகத்தில் வளர்ந்தாக வேண்டும் என்றால், பிணைப்புகள் கழன்று கழன்று மறுபடி பிடித்துக்கொள்ளவோ, சேர்ந்து நகரவோ வேண்டும். ஆப்பிரிக்காவில் புரூசியைப் பரப்பும் செட்சி ஈயின் வயிற்றில் அது வாழும் பூச்சிப் பருவத்தில் புது இழையின் நுனி பழைய இழையின் பக்கவாட்டில் ஒரு சிறு இணைப்பானால் பிடித்துக்கொண்டு, அதன் வழியே ஏறிக்கொண்டே போகிறது. பழைய இழையின் வழித்தடத்தைப் புதியது அப்படியே பின்பற்றுகிறது. ரத்தப் பருவத்தில் இந்த இணைப்பான் இல்லை. அங்கே புது இழையின் நுனி உடம்புச் சவ்வில் ஒரு குழிக்குள் பதிந்தபடி முன்னேறுகிறது.

இத்தனையும் நடக்க எவ்வளவு நேரம்? ஆய்வுக்கூட வளர்ப்பில் ரத்தப் பருவ புரூசி சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகிறது. அந்த நேரத்துக்குள் புது பேசல் பாடி முதிர்ந்து, புது இழை எழும்பி, புது ஒட்டுப்பட்டை கட்டப்பட்டு, பை இரண்டாகி, கருவும் பிரிந்தாக வேண்டும். போலோ கைனேஸ் என்ற நொதி இதில் மேஸ்திரி வேலை பார்க்கிறது. முதலில் பேசல் பாடியிடம் தோன்றி, பிறகு வளரும் ஒட்டுப்பட்டையின் முன்நுனியில் போய் நிற்கும். அதை மருந்தால் தடுத்தால் ஒட்டுப்பட்டை சரியாகக் கட்டப்படாமல் போகிறது.

ஒட்டுப்பட்டையின் நுனி எங்கே முடிகிறதோ, அதன் அருகிலிருந்துதான் செல் பிளக்கத் தொடங்குகிறது. பிளவு முன்முனையிலிருந்து பின்முனை நோக்கிச் செல்லின் நீளவாக்கில் ஓடும். விலங்குச் செல்கள் இடுப்பில் இறுக்கிப் பிரிவது போன்ற ஏற்பாடு இங்கே இல்லை. 2003-ல் ஐஎஃப்டி88 என்ற புரதத்தைக் குறைத்துப் புது இழையைக் குட்டையாக்கிப் பார்த்தபோது, இழை குட்டையான அளவுக்குச் செல்லும் குட்டையானது. இழையே இல்லாமல் பிறந்த செல்கள் வடிவம் கெட்டு, பிரியவும் முடியாமல் நின்றன. அதாவது செல்லின் நீளத்துக்கு அளவுகோல் கசையிழையிடம் இருக்கிறது. அந்த அளவை உடம்புக்குச் சொல்லும் இடம் ஒட்டுப்பட்டை.

இன்னும் ஒரு படி மேலே போன சோதனைகளும் உண்டு. இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணிகள் வாழ்க்கைச் சுழற்சியில் உருவம் மாறுகிறவை. ஒரு பருவத்தில் கசையிழையின் அடி கருவுக்குப் பின்னால் இருக்கும், இன்னொரு பருவத்தில் கருவுக்கு முன்னால் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் டிரிப்போமாஸ்டிகோட், எபிமாஸ்டிகோட் என்று பெயர் வைத்து மனப்பாடம் செய்யச் சொல்வது இதைத்தான். 2014-ல் கிளிப்ஜிஎம்6 என்ற ஒரே ஒரு புரதத்தைக் குறைத்தபோது, முதல் உருவம் இரண்டாவது உருவத்துக்கு மாறிவிட்டது. ஒட்டிய பகுதி குறுகி, நுனியில் நீண்ட இழை விடுதலையாகத் தொங்கியது. ஃப்ளாம்3 என்ற புரதத்தைக் குறைத்தபோதும் இதுபோலவே நடந்தது. உருவ மாற்றத்துக்கு மரபணுக்கள் கூட்டமாக மாறவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்; இங்கே ஒட்டுப்பட்டையின் நீளத்தை மாற்றினாலே கருவும் பையும் இடம் மாறி அமர்ந்துவிடுகின்றன.

மாட்டின் ரத்தத்துக்குத் திரும்புவோம். ரத்தத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் எதிர்ப்புப் புரதங்களிடமிருந்து தப்ப வேண்டும். டிரிப்பனோசோமா தன் மேல் விஎஸ்ஜி என்ற ஒரே வகைப் புரதத்தைச் சுமார் ஒரு கோடி பிரதிகள் போர்த்திக்கொண்டிருக்கும். மாட்டின் உடம்பு அதை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கும்போது, கூட்டத்தில் சில செல்கள் வேறு விஎஸ்ஜிக்கு மாறியிருக்கும். காய்ச்சல் விட்டுவிட்டு வருவது இதனால்தான். இது பலருக்குத் தெரிந்த தந்திரம். கசையிழை சம்பந்தப்பட்ட இரண்டாவது தந்திரத்தை 2007-ல் மார்க்குஸ் எங்ஸ்ட்லர் குழுவினர் காட்டினார்கள். எதிர்ப்புப் புரதம் விஎஸ்ஜியின் மேல் வந்து ஒட்டிக்கொண்டால், செல் வேகமாக முன்னோக்கி நீந்தும்போது எதிரே வரும் நீரோட்டம் அந்தப் புரதத்தைப் பின்முனைக்குத் தள்ளிவிடும். பின்முனையில்தான் அந்தப் பை இருக்கிறது. செல் வெளியிலிருந்து எதையும் உள்ளே வாங்கும் ஒரே வாசலும் அதுதான். தள்ளப்பட்டு வந்த எதிர்ப்புப் புரதம் பைக்குள் விழுங்கப்பட்டுச் செரிக்கப்படுகிறது. விஎஸ்ஜி மறுபடி மேலே போய்விடுகிறது. இழை உடம்போடு ஒட்டி, உடம்பை ஒரே திசையில் செலுத்தினால்தான் இந்தத் துப்புரவு நடக்கும்.

2006-ல் ரத்தப் பருவ செல்களில் கசையிழைப் புரதங்களைக் குறைத்துப் பார்த்தபோது அவை பிரிய முடியாமல் பல கரு, பல இழையோடு வீங்கிச் செத்தன. பூச்சிப் பருவத்தில் அதே குறைபாடு இவ்வளவு கொடுமையாக இல்லை. ரத்தப் பருவத்துக்கு நீந்தாமல் வாழ்வில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. பின்னால் டைனீனின் ஒரு சிறு துணைப் புரதத்தில் நுட்பமான மாற்றம் செய்தபோது, நீச்சல் கெட்டும் செல்கள் பிரிந்து பெருகின. கட்டுமானம் குலையாமல் அசைவு மட்டும் கெட்டால் ஆய்வுக்கூடக் குடுவையில் பிழைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. என் கணிப்பில் இந்த இரண்டாவது சோதனை முக்கியமானது. இழையின் அசைவைக் காட்டிலும், அது சரியாகக் கட்டப்பட்டுச் சரியாக ஒட்டியிருப்பதே பிழைப்பின் ஆணிவேர் என்பதை இது சுட்டுகிறது.

கசையிழையின் அடிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இந்தக் குடும்பத்தில் மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏ முழுவதும் கைனெட்டோபிளாஸ்ட் என்ற ஒரே கட்டாக, பேசல் பாடியோடு நார்களால் கட்டப்பட்டுக் கிடக்கும். பேசல் பாடிகள் விலகினால் டிஎன்ஏவும் இரண்டாக விலகும். பி166, டிஏசி102 போன்ற புரதங்கள் அந்தக் கட்டைத் தாங்குகின்றன. நம் சர்ரா ஒட்டுண்ணி இதில் வேடிக்கையான நிலையில் இருக்கிறது. அது அந்த டிஎன்ஏவின் பெரிய வளையங்களை முற்றாக இழந்துவிட்டது. அதனால் ஆப்பிரிக்காவின் செட்சி ஈயின் வயிற்றுக்குள் அதனால் வளர முடியாது. உள்ளே வளர்ச்சி தேவையில்லாத, வெறும் வாய் ரத்தத்தால் பரவும் வழியை அது பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவைத் தாண்டி மேலூர் வரைக்கும் அது வந்து சேர முடிந்ததற்கு இதுவே காரணம்.

உறவுக்கார ஒட்டுண்ணி ஒன்றும் நம் மாநிலத்தோடு தொடர்புடையது. மண்ணீரலை வீங்கவைக்கும் காலா அசார் காய்ச்சல் வந்த நோயாளிகளின் மண்ணீரலில் இருந்த உருண்டை உடல்களைச் சென்னையில் சார்லஸ் டோனவன் 1903-ல் கண்டார். ரொனால்ட் ராஸ் அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தார். மனிதச் செல்லுக்குள் புகுந்த லீஷ்மேனியாவுக்குக் கசையிழை ஒரு குச்சி அளவுக்குத்தான் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். நீந்தாத அந்தக் குட்டை இழைக்கும் ஒட்டுப்பட்டை உண்டு, பையின் கழுத்தில் மட்டும். 2019-ல் சன்டர் குழுவினர் லீஷ்மேனியா மெக்சிகானாவில் ஃபாஸ்5 என்ற புரதத்தை நீக்கினார்கள். குடுவையில் அது சாதாரணமாகவே வளர்ந்தது. பையின் வடிவம் மட்டும் கெட்டிருந்தது. ஆனால் அதைப் பரப்பும் மணல் ஈயின் வயிற்றில் அதனால் பெருக முடியவில்லை, எலியிலும் நோய் உண்டாக்கும் திறனைப் பெருமளவு இழந்துவிட்டது. இதே லீஷ்மேனியா மணல் ஈயின் குடல் வாசலில் கசையிழையை விரித்து ஒட்டிக்கொள்ளும் வேறொரு ஒட்டுதலும் இருக்கிறது. அதற்கான கியாப் என்ற மூன்று புரதங்கள் 2024-ல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டன.

மருந்து பக்கம் வருவோம். சர்ராவுக்கு இப்போது கையில் இருப்பவை குயினாபைரமின், டிமினசீன், ஐசோமெட்டாமிடியம். மூன்றுமே பழைய மருந்துகள். மூன்றுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் உலகில் ஆங்காங்கே பதிவாகியிருக்கின்றன. மனிதருக்குச் சர்ரா பொதுவாக வராது. நம் ரத்தத்தில் இருக்கும் ஏபிஓஎல்1 என்ற புரதம் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும். 2004-ல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு வந்தபோது சோதித்ததில், அவருக்கு அந்தப் புரதம் பிறப்பிலேயே இல்லை என்று தெரியவந்தது. அவரைக் குணப்படுத்தியது சுராமின். அந்த மருந்து ஒட்டுண்ணிக்குள் நுழைவதும் கசையிழைப் பை வழியாகத்தான்.

ஐஎஃப்டியையோ அச்சையோ தாக்கும் மருந்து செய்வது ஆபத்து. நம் மூச்சுக்குழாயிலும் சிறுநீரகத்திலும் அதே இயந்திரம் ஓடுகிறது. ஒட்டுப்பட்டைக்கும் பாராஃப்ளஜெல்லர் கம்பிக்கும் அந்தத் தடை இல்லை. மாட்டிடமும் மனிதரிடமும் அவை கிடையாது. புரதமும் புரதமும் கைகோக்கும் இடத்தில் ஒரு சிறு மூலக்கூறை நுழைத்துப் பிரிப்பது எளிய காரியம் இல்லை என்பதையும், ஃப்ளா1 போனால் ஃப்ளா2 தாங்கும் நிலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் போலோ கைனேஸ் போன்ற நொதிகளுக்கு மருந்து போய்ப் பொருந்தும் குழி இருக்கிறது. ஃபாஸ்5 சோதனை சொல்வதுபோல், கிருமியைக் கொல்லாவிட்டாலும் பையின் கழுத்தைக் கெடுத்தால் அது உடம்புக்குள் தாக்குப்பிடிக்காது. கால்நடை மருந்துக்கு லாபம் குறைவு என்று பெரிய நிறுவனங்கள் கைகழுவும் இந்தத் துறையில், மரபணு வரிசையும் சோதனை முறையும் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. நாகமலையில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகம் உயிரியலில் பேர் பெற்ற இடம். அங்கு படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பினால் ஆய்வுப் பொருள் நாலு கிலோமீட்டரில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

அதுவரைக்கும் மாடு வளர்ப்பவர்கள் செய்ய முடிந்தது இது. மழைக்குப் பிறகு மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்திலேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கிருமி அப்போதுதான் கண்ணில் படும் அளவுக்கு இருக்கும். ஊசி போடும்போது மாட்டின் எடையைக் குறைத்துச் சொல்லிப் பாதி மருந்தோடு நிறுத்தாதீர்கள். தப்பிப் பிழைக்கும் கிருமிதான் அடுத்த ஈயின் வாயில் ஏறும். மந்தையில் ஒரு மாட்டுக்கு உறுதியானால், நோயில்லாததுபோல் நிற்கும் மற்ற மாடுகளின் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டு நாயையும் சேர்த்து.